சம்மதம் என்னும் பெயரால்

இணையத்தில் கடை விரித்திருப்போரின் நடத்தையைப் பற்றி யாரேனும் ஒரு குறை சொன்னால், படித்தவர்களின் வாயிலிருந்து உடனே புறப்படும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. வாங்க வருபவனின் மனத்தை இளக வைப்பது வியாபாரம் தோன்றிய நாள் முதலாக உள்ள கலை. கடைவீதியில் ஜவுளிக்கடைக்காரர் செய்ததைத்தான் இன்று இணையதளம் செய்கிறது. நிறத்தையும் சொல்லையும் படத்தையும் மனோதத்துவத்துக்கு ஏற்ப அமைப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபசாரமே. யாரும் யாருடைய விரலையும் பிடித்துப் பொத்தானை அழுத்த வைக்கவில்லை. வேண்டாதவன் வாங்காமல் போகலாமே என்பது அந்த அபிப்பிராயத்தின் சாரம். விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் இப்படிச் சொன்னால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வேண்டாத சந்தாவுக்கு மாதந்தோறும் பணம் அழுதுவருபவர்களும், நூறு ரூபாய் என்று நம்பிப் புகுந்து நூற்றறுபது கொடுத்து வெளியே வந்தவர்களும்கூட, "எல்லாம் என் அஜாக்கிரதைதான்" என்று தம்மையே நொந்துகொண்டு அதே வாதத்தை வழிமொழிகிறார்களே, அதுதான் விசனிக்கத்தக்கது. பார்வைக்கு நியாயம் போலத் தோன்றும் இந்த அபிப்பிராயம், அங்கம் அங்கமாக எடுத்துப் பரிசீலித்தால் நில்லாது என்பது என் கட்சி.

முதலில் எதிர்க்கட்சியாருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். உணர்ச்சியைத் தொடும் அமைப்பு எல்லாம் தீயது என்று நான் வாதாட வரவில்லை. அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் 2004-ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஒரு நூலே எழுதி, பார்த்த மாத்திரத்தில் கண்ணுக்கு இனிமையாக இருப்பது, பழகும்போது கைக்கு இணக்கமாக இருப்பது, பிறகு நினைத்துப் பார்க்கையில் மனத்துக்கு நிறைவாக இருப்பது என்னும் மூன்று படிகளில் ஒரு பொருள் மனிதனைக் கவர்கிறது என்று விளக்கினார். தெளிவான எழுத்து, உறுத்தாத நிறம், அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று பதறுபவனுக்கு உடனே வரும் ஆறுதலான ஒரு வரி ஆகிய இவையெல்லாம் மனித உணர்ச்சியை மதித்துச் செய்யப்படும் காரியங்கள். இவற்றைக் குறை சொல்பவன் ரசனையற்றவன். ஆகவே உணர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே விவாதம் ஆகாது. அந்த உணர்ச்சி வாங்குபவனுடைய விவேகத்துக்குத் துணையாக எழுப்பப்படுகிறதா, அல்லது விவேகம் விழித்துக்கொள்ளுமுன் காரியத்தை முடித்துக்கொள்ளும் பொருட்டு எழுப்பப்படுகிறதா என்பதே விவாதம்.

"அவனே சம்மதித்தான்" என்பதுதான் எதிர்க்கட்சியாரின் கோட்டை. கொடுக்கல் வாங்கலில் சம்மதம் என்றால் என்ன என்பதை நம் நாட்டுச் சட்டம் வெகுகாலத்துக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் கொண்டு உடன்படுவதே சம்மதம் என்று வரையறுத்துவிட்டு, அதற்கடுத்த பிரிவிலேயே, பலாத்காரத்தாலும் தகாத செல்வாக்காலும் மோசடியாலும் தவறான எடுத்துரைப்பாலும் பிழையான எண்ணத்தாலும் பெற்ற சம்மதம் சுயேச்சையான சம்மதம் ஆகாது என்று விதித்திருக்கிறது. கையைப் பிடித்து இழுப்பது ஒன்றுதான் நிர்ப்பந்தம் என்று அச்சட்டத்தை இயற்றியவர்கள் கருதவில்லை. அவ்விதியின் உட்கருத்தை விரித்துக்கொண்டால், மெய்யான சம்மதத்துக்கு மூன்று அவசியம் என்று எனக்குப் படுகிறது: எதை வாங்குகிறோம், என்ன விலைக்கு வாங்குகிறோம் என்ற அறிவு, யோசித்துப் பார்க்க அவகாசம், வேண்டாம் என்றால் திரும்பிப் போக வழி. இணைய வாணிபத்தில் மனோதத்துவ சாமர்த்தியம் என்று புகழப்படும் யுக்திகளில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைக் களவாடுவதற்கென்றே அமைந்தவை.

அவகாசத்தைக் களவாடுவதை முதலில் பார்ப்போம். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1979-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், நூறு ரூபாய் கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைக் காட்டிலும் நூறு ரூபாய் கைவிட்டுப் போவதால் வரும் வருத்தம் மனிதனுக்குப் பெரிது என்னும் உண்மையைச் சாஸ்திரீயமாக நிலைநாட்டினார்கள். மனித சுபாவத்தின் பலவீனம் ஒன்றைப் பற்றிய இந்த ஞானம், விடுதி அறைகளைப் பதிவு செய்துகொடுக்கும் தளங்களின் கையில் என்னவாயிற்று என்பதற்குப் பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட முடிவே சான்று. இந்த விடுதியை இந்தக் கணத்தில் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திரையில் ஒரு வரி மின்னும். அந்த இத்தனை பேரும் வேறு வேறு தேதிகளுக்கு அறை தேடுபவர்களாக இருக்கக்கூடும் என்பதை அந்த வரி சொல்லாது. அறைகள் எல்லாம் தீர்ந்துபோன விடுதிகளைத் தேடல் பட்டியலின் நடுவே வேண்டுமென்றே வைத்து, அவற்றைப் பார்த்தவன் "ஐயோ, தாமதித்தால் மற்றதும் போய்விடும்" என்று பரபரப்பு அடையும்படி செய்வதும் அப்பழக்கங்களில் ஒன்று. எல்லாத் தளங்களும் எல்லாவற்றையும் செய்தன என்று ஆணையம் சொல்லவில்லை. ஆயினும் எக்ஸ்பீடியா, புக்கிங்.காம், அகோடா உள்ளிட்ட ஆறு தளங்கள் தம் முறையை மாற்றிக்கொள்வதாக எழுத்துமூலம் உறுதி கொடுத்தன.

இது விடுதித் தொழிலோடு நிற்கும் நோயும் அல்ல. அதே 2019-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ 11,000 விற்பனைத் தளங்களைக் கணினி கொண்டு துழாவி, 1,818 இடங்களில் இத்தகைய யுக்திகளைக் கண்டெடுத்தார்கள். சலுகை முடிய இத்தனை நிமிஷம் என்று ஓடும் கடிகாரங்களில் சில, நேரம் தீர்ந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கின. சலுகையோ அப்படியே இருந்தது. "இன்ன ஊர்க்காரர் இதை இப்போதுதான் வாங்கினார்" என்று எட்டிப்பார்க்கும் சிறு அறிவிப்புகளில் சிலவற்றின் உள்நிரலைப் பிரித்துப் பார்த்தபோது, அங்கே வாங்கியவர் எவரும் இல்லை. குருட்டாம்போக்கில் எண்களைப் பொறுக்கி எடுத்துப் பெயரோடு சேர்த்துவிடும் ஓர் இயந்திரச் சூத்திரம் மட்டுமே இருந்தது. இவற்றைத் தயார் செய்து கடைகளுக்கு விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இருபத்திரண்டு உண்டு என்பதும் அந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. இல்லாத மனிதன் வாங்கியதாகச் சொல்லி இருக்கும் மனிதனை அவசரப்படுத்துவதற்கு உபசாரம் என்று பெயரிடுவது எந்த நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

இனி அறிவைக் களவாடுவது. பயணச்சீட்டின் விலை என்று முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை இருக்கும். பெயரும் வயதும் கைப்பேசி எண்ணும் எழுதி, இருக்கையும் தேர்ந்து, நான்காம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவன் முன்னால், வசதிக் கட்டணம் என்றும், காப்புறுதி என்றும், அவன் கேளாமலே 'டிக்' அடித்து வைத்த தருமத் தொகை என்றும் ஒவ்வொன்றாகக் கூடி, வேறொரு தொகை வந்து நிற்கும். இத்தனை தூரம் வந்தவன் திரும்பிப் போக மாட்டான் என்பதே அங்கே கணக்கு. ஐரோப்பாவின் மலிவு விமான நிறுவனமான ரயன்ஏர் ஒரு காலத்தில் செய்துவைத்திருந்த ஏற்பாடு இவ்விஷயத்தில் குறிப்பிடத்தக்கது. காப்புறுதி வேண்டாம் என்பவன் அதைச் சொல்வதற்குத் தனியாக ஒரு கட்டமோ பொத்தானோ அங்கே கிடையாது; நீ வசிக்கும் நாடு எது என்று கேட்டு இழுத்துத் திறக்கும் நீண்ட பட்டியலில், அகர வரிசையில் அடுக்கிய தேசங்களின் பெயர்களுக்கிடையே, அதுவும் ஒரு தேசம் என்பது போல "எனக்குக் காப்புறுதி வேண்டாம்" என்ற வரி ஒளிந்திருந்தது. நாட்டின் பெயரைத் தேர்ந்த நேர்மையான பயணி காப்புறுதி வாங்கியவன் ஆனான். அவன் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 'டிக்' அடித்து வைத்த கட்டங்களால் கூடுதல் பணம் வசூலிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் தடை செய்ததற்குக் காரணம், வாய் திறவாமல் இருந்தவன் சம்மதித்தான் என்னும் கற்பனையை அது ஏற்க மறுத்ததே.

மூன்றாவது களவு வெளியேறும் வழியைப் பற்றியது. மற்ற இரண்டையும்விட நுட்பமானது. அமேசான் நிறுவனத்தின் பிரைம் சந்தா பற்றி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடுத்த வழக்கின் மனுவைப் படித்தவர்கள், எதிர்க்கட்சியாரின் வாதத்தை மறுபடி எடுத்துரைக்கச் சற்றே கூசுவார்கள் என்று நம்புகிறேன். சந்தாவில் சேர ஒன்றிரண்டு அழுத்தல்கள் போதும். விலகுவதற்கோ நான்கு பக்கங்களையும், ஆறு அழுத்தல்களையும், பதினைந்து தேர்வுகளையும் கடந்தாக வேண்டும் என்று அம்மனு எண்ணிக் காட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும், நீங்கள் இழக்கப்போகும் சௌகரியங்கள் இவை இவை என்று நினைவூட்டலும், சற்றுப் பொறுத்துச் செய்யலாமே என்ற வேண்டுதலும், மலிவான வேறொரு திட்டத்துக்கு அழைப்பும் குறுக்கிடும். அவற்றுள் எதையாவது தொட்டால் விலகல் நின்றுபோம். இந்தப் பாதைக்கு நிறுவனத்துக்குள் வழங்கிய பெயர் இலியட் என்பதும் மனுவிலிருந்து தெரிய வந்தது. பத்தாண்டு நீடித்த டிராய் யுத்தத்தைப் பாடும் ஹோமரின் நெடுங்காவியத்தின் பெயரை, விலகிப்போக விரும்பும் வாடிக்கையாளனின் வழிக்குச் சூட்டியவர்களுக்கு, அவ்வழி எவ்வளவு நீளமானது என்பது தெரியாமல் இருந்திருக்குமா?

அவ்வழக்கு 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் நூறு கோடி டாலர் அபராதமும், ஏறத்தாழ மூன்றரைக் கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித்தர நூற்றைம்பது கோடி டாலரும் கொடுக்க இசைந்தது. அதைவிட முக்கியமானது வேறொரு நிபந்தனை. சந்தா வேண்டாம் என்பவன் அழுத்த வேண்டிய பொத்தானின்மேல் "வேண்டாம், எனக்கு இலவச டெலிவரி தேவையில்லை" என்று எழுதி வைப்பது இனிக் கூடாது. மறுப்பதற்குத் தெளிவான பொத்தான் ஒன்று இருக்க வேண்டும். மறுப்பவன் தன்னைத் தானே மூடன் என்று அறிவித்துக்கொண்டாலன்றி மறுக்க முடியாதபடி வாசகம் அமைத்திருந்த அந்தப் பொத்தான்தான், நம் எதிர்க்கட்சியார் பெருமையோடு சொல்லும் உணர்ச்சி சார்ந்த வடிவமைப்பின் ஓர் உதாரணம்.

இப்போது பழைய கடைவீதி வாதத்துக்கு வருவோம். ஜவுளிக்கடைக்காரரும் "இதுதான் கடைசிப் புடவை, அம்மா" என்று சொல்வது உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது வாங்குபவள் அவர் முகத்தைப் பார்க்கிறாள், நம்பாவிட்டால் படியிறங்குகிறாள், பாதித் தெரு போனபின் அவரே கூப்பிட்டு விலையைக் குறைக்கவும் குறைக்கிறார். அவர் ஒருவரை ஏமாற்றினால் ஊர் முழுவதும் சொல்லிக்கொள்ளும். நாளைக்கும் அதே தெருவில்தான் அவர் கடை திறக்க வேண்டும். இருவரும் பேரம் பேசுகிறார்கள். இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அளக்கிறார்கள். இணையதளத்திலோ ஒரு பக்கத்துக்கு மட்டுமே கண் உண்டு. ஒரே பக்கத்தை இருவிதமாக அமைத்து, வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒன்றையும் மற்றவர்களுக்கு வேறொன்றையும் காட்டி, எவ்விடத்தில் எத்தனை பேர் தயங்கினார்கள், எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் இணங்கினார்கள் என்று இலக்கக் கணக்கில் பரீட்சை செய்து, வென்ற வடிவத்தை நிலைநிறுத்துவது இன்று அங்கே அன்றாட வழக்கம். தான் பரீட்சைக்கு உள்ளாவதே வாங்குபவனுக்குத் தெரியாது. பதில் பேச வாயும் கிடையாது. இரண்டையும் ஒரே கலை என்பது, வைத்தியம் செய்பவனும் நோயாளிக்குத் தெரியாமல் மருந்தைப் பரீட்சிப்பவனும் ஒரே தொழிலினர் என்று வாதிப்பதற்குச் சமம்.

"இதெல்லாம் சியால்டினி அன்றே சொன்னதுதானே" என்று நூல் ஆதாரம் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினி 1984-இல் எழுதிய நூல், மனிதர் எப்படி இணங்க வைக்கப்படுகிறார்கள் என்பதைப் பரஸ்பர உபகாரம், முன்சொல்லை மீறாமை, பலர் செய்வதைச் செய்தல், பிரியம், அதிகாரம், அருமை என்னும் ஆறு தத்துவங்களாக வகுத்தது உண்மையே. ஆனால் அவர் அதை எழுதியது, விற்பவர்களிடம் மீண்டும் மீண்டும் ஏமாறிய ஒருவராக, வாங்குபவனைத் தற்காப்புக்கு ஆயத்தப்படுத்தும் பொருட்டு. ஒவ்வொரு தத்துவத்தையும் விளக்கியபின் அதை எதிர்த்து நிற்பது எப்படி என்றும் அவர் சொல்லியிருக்கிறார். விற்பனைக்காரர் முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். நன்மைக்கு மெல்லத் தூண்டுவது பற்றி 2008-இல் காஸ் சன்ஸ்டைனோடு சேர்ந்து நூல் எழுதிய ரிச்சர்ட் தேலரின் கதையும் இதுவே. தூண்டுதல் வெளிப்படையாக இருக்க வேண்டும், மறுப்பது சுலபமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்திய அவரே, பத்தாண்டுக்குப் பின், மனிதன் தன் நன்மையை நாடிச் செல்லும் வழியில் வேண்டுமென்றே சேறு கொட்டி வைக்கும் நிறுவனங்களைக் கண்டித்து எழுத நேர்ந்தது.

கடைசியாக இரண்டு ஆக்ஷேபங்கள் எஞ்சுகின்றன: வயது வந்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று, ஏமாற்றும் கடையைச் சந்தையே தண்டித்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே ஆராய்ச்சி பதில் சொல்கிறது. ஜேமி லுகுரி, லியோர் ஸ்ட்ராஹிலெவிட்ஸ் என்ற இருவர் 2021-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு சேவையை நேராக முன்வைத்தபோது நூற்றுக்குச் சுமார் பதினொருவர் ஏற்றார்கள். மென்மையான சூழ்ச்சிகளைச் சேர்த்தபோது சுமார் இருபத்தாறு பேர். கடுமையான சூழ்ச்சிகளைச் சேர்த்தபோது சுமார் நாற்பத்திரண்டு பேர். சேவை ஒன்றே, மனிதர்களும் ஒரே தரத்தினர், பக்கத்தின் அமைப்பு மாத்திரமே மாறியது. முப்பது பேருக்குமேல் திடீரென்று தம் விருப்பத்தைக் கண்டுகொண்டார்கள் என்று எவரேனும் சொல்வாரானால், அவரோடு வாதிப்பதில் பயனில்லை. மென்மையான சூழ்ச்சிக்கு, கல்வி குறைந்தவர்கள் கூடுதலாக இரையானார்கள் என்பதும் அதில் தெரிந்தது. தன்னைக் காத்துக்கொள் என்ற உபதேசம் யாருக்கு எளிது, யாருக்கு அரிது என்பதை இதிலிருந்து அறியலாம். கடுமையான சூழ்ச்சி கோபத்தைக் கிளப்பியது. மென்மையானது கோபமே கிளப்பாமல் இரட்டிப்புக்கு மேல் ஆள் சேர்த்தது. ஏமாந்தவனுக்கே ஏமாந்தது தெரியாதபோது, சந்தை எந்தச் சாட்சியத்தைக் கொண்டு தண்டனை விதிக்கும்? முதற்பக்கத்தில் முழு விலையைச் சொல்லும் நாணயமான வியாபாரிதான் அங்கே தண்டனை பெறுகிறான். அவன் விலை மற்றவன் சொன்ன பாதி விலையைவிட உயரமாகத் தெரிகிறது.

நம் நாட்டிலும் இதற்கு விதி இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், போலி அவசரம், கூடையில் கேளாத பொருளை நுழைத்தல், மறுப்பவனை வெட்கப்படுத்தல், சந்தாப் பொறி, துளித்துளியாக விலை ஏற்றுதல் முதலாகப் பதின்மூன்று வகைச் சூழ்ச்சிகளைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கின்றன. 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் உங்கள் தளத்தை நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்று இணைய வாணிப நிறுவனங்களுக்கு அவ்வாணையம் அறிவுரையும் கூறியது. குற்றம் செய்பவனையே தணிக்கையாளன் ஆக்குவதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. புகார் வந்து குவிந்தாலொழிய எந்த விதியும் ஏட்டைவிட்டு இறங்காது.

யுக்தி எது, நாணயமான விற்பனை எது என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். கடைக்காரன் தான் செய்வதைத் திரையிலேயே எழுதிவைக்கட்டும்: "இந்தக் கடிகாரம் தீர்ந்தாலும் விலை மாறாது", "இந்தக் கட்டத்தை உங்களைக் கேளாமல் நாங்களே நிரப்பினோம்", "விலகும் வழியை வேண்டுமென்றே நீளமாக்கினோம்." அப்படி எழுதிய பிறகும் விற்பனை நடக்குமானால் அது சம்மதம். எழுதினால் நடக்காது என்றால், இத்தனை நாளும் நடந்தது வேறு. ஆகவே, வாசகர்களே, அடுத்த முறை வேண்டாத பொருளுக்குப் பணம் போகுமானால் உங்கள் அஜாக்கிரதையை நொந்துகொண்டு பேசாமல் இராதீர்கள். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.